ஒரு மாட்டுக்கு 2 டன் புல்: வாலிஸ் மலை ஊர்களின் கணக்கு

2017 கடைசியில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமமாம், அங்கே போய்க் குடியேறினால் ஊர்க்காரர்களே 45 லட்சம் ரூபாய் கையில் கொடுக்கிறார்களாம், கூடவே பனிமலையும் மர வீடுமாக ஒரு படம். சித்தப்பா ஒருவர் உடனே பாஸ்போர்ட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

செய்தி பொய் இல்லை, பாதி உண்மை. ஊரின் பெயர் அல்பினென், ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரம், அப்போது சுமார் 240 பேர். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடியாகிவிட்டது. ஆகவே ஊர்க்கூட்டம் போட்டு வாக்கெடுத்தார்கள். வந்து குடியேறும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க், பிள்ளைக்கு 10,000. நிபந்தனைகளை மட்டும் வாட்ஸ்அப்பில் யாரும் போடவில்லை: 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 2 லட்சம் பிராங்கைச் சொந்த வீட்டில் போட வேண்டும், பத்து வருஷம் அங்கேயே குடியிருக்க வேண்டும், சுவிஸ் குடியுரிமையோ நிரந்தர வசிப்பு உரிமையோ இருக்க வேண்டும். இடையில் கிளம்பினால் வாங்கிய காசைத் திருப்பித் தர வேண்டும். சித்தப்பா பாஸ்போர்ட்டைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்.

எனக்கு அந்தப் படம் மட்டும் மனதில் நின்றுவிட்டது. கூரை வரை ஏறுகிற பச்சைப் புல்வெளி, நடுவில் கறுத்துப்போன மர வீடுகள். இவ்வளவு அழகான ஊரை விட்டு ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். அந்த வட்டாரத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க, அங்கே இத்தனை நூற்றாண்டு எப்படி ஜனங்கள் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியமாகத் தெரிந்தது.

அல்பினென் இருப்பது வாலிஸில். பிரெஞ்சில் வலே. சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் இருக்கிற கன்டோன், நம் வசதிக்கு மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 5,224 சதுர கிலோமீட்டர், அந்த நாட்டில் மூன்றாவது பெரியது. ரோன் நதி ஒரு பனியாற்றின் வாயில் பிறந்து ஜெனீவா ஏரியில் போய் விழும் வரை ஓடுகிற பள்ளத்தாக்குதான் மொத்த மாநிலமும். வடக்கே பெர்ன் ஆல்ப்ஸ், தெற்கே மாட்டர்ஹார்னும் (4,478 மீட்டர்) டூஃபூர் சிகரமும் (4,634 மீட்டர்) நிற்கிற பென்னைன் ஆல்ப்ஸ். இரண்டு சுவருக்கு நடுவே ஒரு நீளத் தொட்டி. மேல்பக்கத்து ஊர்களில் ஜெர்மன், கீழ்பக்கத்தில் பிரெஞ்சு.

சினிமாப் பாட்டில் பார்த்துப் பழகிய சுவிட்சர்லாந்து வேறு. எப்போதும் நனைந்து, எப்போதும் பச்சையாக இருக்கிற பக்கம் வடக்குச் சுவருக்கு அந்தப் புறம். மேகம் அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. தெற்கிலிருந்து வருகிற மேகத்தை மறு சுவர் பிடித்துக்கொள்கிறது. நடுவில் மாட்டிய வாலிஸ் ஒரு மழைமறைவுப் பிரதேசம். தலைநகர் சியோனில் ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் அளவுதான் மழை, அந்த ஊர்ப் பாறைக் குன்றுகளில் சப்பாத்திக்கள்ளி முளைத்துக் கிடக்கிறது. ஆல்ப்ஸில் கள்ளிச்செடி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், ஆனால் அதுதான் நிலவரம். தலைக்கு மேலே ஐஸ், காலுக்குக் கீழே வறட்சி.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'ஆல்ப்' என்றால் நாம் சிகரம் என்று நினைக்கிறோம். அந்த ஊர்க்காரருக்கு ஆல்ப் என்பது கோடைக்கால மேய்ச்சல் நிலம். மரங்கள் வளர்வது நின்றுபோகிற உயரத்தை ஒட்டியும் அதற்கு மேலும், ஏறக்குறைய 2,000 மீட்டருக்கு மேலே, பனி உருகியதும் இரண்டு மூன்று மாதம் புல் வருகிற இடம். சிகரத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை, வெள்ளைக்காரத் துரைமார்கள் ஏறுவதற்குக் காசு கொடுக்க ஆரம்பிக்கும் வரை.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்த உயரத்தில் நெல்லும் கோதுமையும் பெரிதாக விளையாது. கம்பு மாதிரி முரட்டுத் தானியமான ரை கொஞ்சம், உருளைக்கிழங்கு கொஞ்சம், தாழ்வான சரிவுகளில் திராட்சை. மற்றபடி விளைவது புல். மனிதன் புல்லைத் தின்ன முடியாது, மாடு தின்னும், மாட்டுப் பால் சீஸாகும், சீஸ் கெடாது, குளிர்காலம் முழுக்கக் கை கொடுக்கும். ஆனால் அந்த மாடு ஆண்டில் ஆறு ஏழு மாதம் தொழுவத்தை விட்டு வெளியே வர முடியாது. ஒரு நாளைக்குப் பத்து கிலோ காய்ந்த புல் என்று குறைத்தே போட்டாலும் 200 நாளுக்கு 2 டன். இது நம் வைக்கோல் மாதிரி அறுவடையில் மிச்சமாவது இல்லை, இதற்கென்றே வளர்த்து, வெட்டி, காயவைத்து, சுமந்து வந்து அடைக்க வேண்டிய புல். வாலிஸ் மலை ஊர்களில் நீங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும், சட்டமோ சண்டையோ வீடு கட்டுகிற முறையோ பாகப்பிரிவினையோ, கடைசியில் அது இந்த 2 டன்னில் போய்த்தான் நிற்கும்.

டோர்பெல் என்று ஒரு கிராமம், விஸ்ப் நகரத்துக்கு மேலே, 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருப்பது. 1483-இல் அந்த ஊர்க்காரர்கள் கூடி ஆல்ப், காடு, தரிசு இதையெல்லாம் ஊர்ச் சொத்தாக நடத்துவது பற்றி ஒரு சாசனம் எழுதிக்கொண்டார்கள். வெளியூரான் இங்கே நிலம் வாங்கினாலும் அதனால் அவனுக்குப் பொதுநிலத்தில் பாத்தியதை கிடையாது என்பது அதில் இருக்கிற ஒரு ஷரத்து. 1517-இல் இன்னொரு விதி வருகிறது: தன்னால் குளிர்காலத்தில் எத்தனை மாட்டுக்குத் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டைக்கூட ஒருவன் கோடையில் ஆல்புக்கு ஓட்டக்கூடாது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது சாதாரணமாகத் தெரியும். ஆனால் இந்த விதி இல்லாவிட்டால், கொஞ்சம் காசு உள்ளவன் வசந்தத்தில் கீழே சந்தையில் மலிவாகப் பத்து மாடு பிடித்து, ஊரார் புல்லில் கோடை முழுக்க இலவசமாக மேய்த்து, இலையுதிர் காலத்தில் கொழுத்த மாடாக விற்றுவிட்டுப் போய்விடுவான், ஊர்ப் புல்வெளி கட்டாந்தரையாகிவிடும். ஆல்பில் எவ்வளவு புல் இருக்கிறது என்று அளப்பது கஷ்டம், ஒருவன் வீட்டுப் பரணில் எவ்வளவு புல் இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். ஆக, அளக்க முடியாததை அளக்க முடிந்ததோடு கட்டிப்போட்டார்கள். மீறியவனுக்கு அபராதம், அதில் பாதி அபராதம் போட்ட ஊர் அதிகாரிக்கு. கண்காணிப்பவன் கண்ணை மூடிக்கொள்ளாமலிருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

1970-களில் ராபர்ட் நெட்டிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இந்த ஊரிலேயே தங்கி, ஊர்ப் பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி இதையெல்லாம் எழுதினார். பொது நிலம் என்றாலே ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள், ஒன்று அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பொருளாதார மேதைகள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எலினோர் ஆஸ்ட்ரம் அதை மறுத்து எழுதியபோது முன்வைத்த உதாரணங்களில் டோர்பெல் முக்கியமானது. 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். அந்தப் பரிசில் டோர்பெல் மாடுகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் சொல்வேன்.

புல்லுக்குத் தண்ணீர் வேண்டுமே, மழைதான் இல்லையே? இங்கேதான் வாலிஸ்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பனியாறு உருகி ஓடுகிற ஓடையை மலையின் உள்மடிப்பில், உயரத்திலேயே மறித்து, அங்கிருந்து மலைச்சரிவைச் சுற்றிச் சுற்றிப் பல கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். ஜெர்மன் பக்கத்தில் இதை சுவோனன் என்கிறார்கள், பிரெஞ்சுப் பக்கத்தில் பீஸ். மண் உள்ள இடத்தில் வெட்டுவது சுலபம். செங்குத்துப் பாறை குறுக்கே வந்தால்? பாறையில் துளை போட்டு, மரக் கட்டைகளை அடித்துச் செருகி, அதன் மேல் குடைந்த மரத் தொட்டிகளை வரிசையாக வைத்து, வாய்க்காலை அந்தரத்தில் தொங்கவிட்டார்கள். கயிற்றில் தொங்கிக்கொண்டு செய்த வேலை. விழுந்து செத்தவர்கள் பலர். அவுஸர்பெர்க் ஊருக்குத் தண்ணீர் தருகிற நிவேர்ச் வாய்க்கால் 1381-இலேயே ஆவணத்தில் வந்துவிட்டது.

இதில் இயற்கையே செய்துகொடுத்த ஒரு பொருத்தம் உண்டு. வெயில் ஏற ஏறப் புல் வாடும், அதே வெயிலில்தான் ஐஸ் அதிகமாக உருகும். எப்போது தண்ணீர் அதிகம் தேவையோ அப்போது வாய்க்கால் நிறைந்து வரும். மழையை நம்பினால் இது நடக்குமா?

வாய்க்காலைக் காக்க ஒரு ஆள் உண்டு. கல் விழுந்து அடைத்துவிட்டாலோ மரத்தொட்டி உடைந்தாலோ கீழே தண்ணீர் வருவது நின்றுபோகும், மேலே வழிந்து ஓடுகிற தண்ணீர் சரிவையே அரித்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் இரவெல்லாம் அவரால் பாறை விளிம்பில் நடந்துகொண்டே இருக்க முடியாது. அதனால் வாய்க்காலில் ஒரு சின்ன நீர்ச்சக்கரத்தை வைத்து, அது சுற்றும்போதெல்லாம் ஒரு மரச் சுத்தியல் பலகையில் அடிக்கிற மாதிரி செய்துவைத்தார்கள். டக், டக், டக் என்று பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். காவலாளி தன் குடிசையில் படுத்துத் தூங்கலாம். சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். மின்விசிறி நின்றதும் நாம் எழுந்துகொள்கிறோமே, அதே கதை.

பிறகு முறை. யாருக்கு எந்த நேரத்தில் எவ்வளவு நேரம் மடை திறக்கலாம் என்பது பரம்பரைப் பாத்தியதை. கடிகாரம் இல்லாத காலத்தில் வெயில் இந்தப் பாறையில் பட்டதிலிருந்து அந்த விளிம்பைத் தொடும் வரை என்று முறை வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று, பங்கு எல்லாம் மரக்கட்டைகளில் செதுக்கி வைக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி, அந்தக் குறிக்கு நேரே எத்தனை வெட்டு இருக்கிறதோ அத்தனை பங்கு. அந்தக் கட்டைக்கு டெஸல் என்று பெயர். ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்து மடையை அடைத்துத் தன் புல்லுக்குத் திருப்பிக்கொண்ட கதைகளும் எல்லா ஊரிலும் உண்டு, தண்ணீர் இருக்கிற இடத்தில் இது இல்லாமல் இருக்காது. வசந்தத்தில் வாய்க்காலைத் தூர்வாரிப் பழுது பார்க்க வீட்டுக்கொரு ஆள் வந்தாக வேண்டும். இன்று பல இடங்களில் குழாயும் சுரங்கமும் வந்துவிட்டன. சவியேஸ் ஊரின் பாறைத்தொங்கல் வாய்க்கால் 1930-களில் மலையைக் குடைந்த சுரங்கம் வந்ததும் கைவிடப்பட்டது, இப்போது சுற்றுலாக்காரர்கள் அதன் மிச்சத்தைத் தொங்குபாலத்திலிருந்து பார்த்து மிரளுகிறார்கள். ஆனால் பல வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. 2023-இல் யுனெஸ்கோ ஐரோப்பாவின் ஏழு நாடுகளின் மரபுப் பாசன அறிவைத் தன் பட்டியலில் சேர்த்தபோது அதில் இதுவும் வந்தது.

சரி, தண்ணீர் வந்தது, புல் வந்தது. ஆனால் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வருவதில்லை. கீழே ஏப்ரலில் பச்சை, நடு உயரத்தில் மே கடைசி, ஆல்பில் ஜூன் கடைசி. ஆகவே மாடும் மனிதனும் புல்லைத் துரத்திக்கொண்டு மேலே ஏறி, பிறகு கீழே இறங்கி, ஆண்டு முழுக்க நடந்துகொண்டே இருந்தார்கள். பிரெஞ்சுப் பக்கத்து அனிவியே பள்ளத்தாக்குக்காரர்கள் இதில் உச்சம். மலையில் ஒரு வீடு, அதற்கு மேலே வசந்த மேய்ச்சலுக்கு ஒரு குடிசை, ரோன் கரையில் சியேர் ஊருக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டமும் இன்னொரு வீடும். தோட்ட வேலைக்காலம் வந்தால் குடும்பத்தோடு, மாடு பன்றி கோவேறு கழுதையோடு இறங்குவார்கள், பாதிரியாரும் வாத்தியாரும் கூடவே. ஊர் மொத்தமும் ஊரைத் தூக்கிக்கொண்டு போவது. அந்தத் திராட்சையில் செய்த ஒயினை மேலே கொண்டுபோய் லார்ச் மரப் பீப்பாயில் ஊற்றிவைப்பார்கள், பீப்பாயை முழுக்கக் காலி செய்வதே இல்லை, பழையதன் மேல் புதிது ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். நம் வீட்டுப் பழங்குழம்பு மாதிரி.

பாகப்பிரிவினையும் இங்கே விசேஷம். ஆல்ப்ஸின் வேறு சில பகுதிகளில், உதாரணத்துக்கு இத்தாலியைச் சேர்ந்த தென் டிரோலில், பண்ணையை உடைக்காமல் ஒரே வாரிசுக்குக் கொடுப்பது வழக்கம். வாலிஸில் ஆண் பெண் எல்லாருக்கும் சமபங்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில், நான்கு தலைமுறை போனால் ஒரு குடும்பத்துக்கு வெவ்வேறு உயரத்தில் கைக்குட்டை அளவில் பல துண்டு நிலம் மிஞ்சும், ஒரு மாட்டுத் தொழுவத்தில் நாலில் ஒரு பங்கு, ஒரு வீட்டில் மாடி மட்டும். இதைப் பின்தங்கிய முறை என்று அதிகாரிகள் ரொம்ப காலம் திட்டினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சரிவில் ஆலங்கட்டி மழை அடித்தால், பனிச்சரிவு இழுத்துப்போனால், மற்ற சரிவில் இருக்கிற துண்டு காப்பாற்றும்.

வீடுகளுக்கு நடுவே கால் முளைத்த மாதிரி சில மரக் கட்டடங்கள் நிற்கும். ஷ்டாடல் என்கிற தானியக் களஞ்சியம். ஒவ்வொரு மரக்காலின் தலையிலும் தோசைக்கல் மாதிரி வட்டமான தட்டைக் கல் ஒன்று, அதன் மேல்தான் கட்டடம் உட்கார்ந்திருக்கும். எலி காலில் ஏறி வரும், கல்லின் அடியில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். உள்ளே ரை. அந்த ரையை ஊர்ப் பொது அடுப்பில் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைதான் சுடுவார்கள், விறகு அவ்வளவு அருமை. அப்படிச் சுட்ட ரொட்டி மாதக்கணக்கில் பரணில் காய்ந்து, வெட்டுவதற்கே தனிக் கத்தி வேண்டும் என்கிற அளவுக்குக் கல்லாகிவிடும். இன்று அதே ரொட்டி புவிசார் முத்திரையோடு கடையில் மென்மையாக விற்கிறது.

புல் வெட்டுவதைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சரிவு என்றால் வீட்டு மாடிப்படி அளவுச் சரிவு. செருப்பில் இரும்பு முள் கட்டிக்கொண்டு, பக்கவாட்டில் நின்று, நீளக் கைப்பிடி வைத்த வாள் அரிவாளை வீசுவார்கள். இடுப்பில் ஒரு மாட்டுக்கொம்பு அல்லது மரக்குடுவை, அதில் தண்ணீர், தண்ணீரில் சாணைக்கல். நாலு வீச்சுக்கு ஒருமுறை கல்லை எடுத்து இரண்டு பக்கமும் தீட்டிவிட்டு மறுபடி வீச்சு. பனி ஈரம் காயும் முன்னால், விடியலில் வெட்டினால்தான் புல் ஒழுங்காக அறுபடும். பிறகு பரப்பி, திருப்பி, சாயங்காலம் குவித்து, மறுநாள் மறுபடி பரப்பி, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. காய்ந்ததைப் பெரிய துணியில் மூட்டை கட்டி முதுகிலோ தலையிலோ சுமந்து பரணுக்கு. உருளைக்கிழங்கு வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் இன்னொரு வேலை உண்டு: ஆண்டு முழுக்கக் கீழே சரிந்துவிட்ட மண்ணை வசந்தத்தில் கூடையில் அள்ளி மேல் வரிசைக்குச் சுமந்து கொட்டுவது. மண்ணையே சுமந்தவர்கள்.

வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? இரண்டு மூன்று வருஷத்தில் புல் நீளமாக வளர்ந்து படுத்துக்கொள்ளும், அதன் மேல் விழுகிற பனி எண்ணெய் தடவிய பலகையில் நிற்கிற மாதிரி நின்று ஒருநாள் மொத்தமாக வழுக்கி இறங்கும். பிறகு புதர், பிறகு மரம். வாட்ஸ்அப் படத்தில் பார்த்த பச்சை வெளி யாரோ ஒவ்வொரு கோடையிலும் சவரம் செய்து வைத்திருப்பது. கை நின்றால் அதுவும் காணாமல் போகும்.

மாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. எரின்ஜர் என்ற உள்ளூர் இனம், கறுப்பும் கருஞ்சிவப்புமாக, குட்டையாக, தோளில் சதை திரண்டு, காளை மாதிரி தோற்றம், ஆனால் பசு. ஆல்பில் முதல் நாள் மந்தை கலந்ததும் பசுக்கள் தாங்களே கொம்பு கோத்துத் தள்ளி, யார் பெரியவள் என்று முடிவு செய்துகொள்ளும். ஜெயித்தவள் ராணி, நல்ல புல் அவளுக்கு முதலில். ஜனங்கள் இதையே பந்தயமாக்கி, மே மாதத்தில் பெரிய மைதானத்தில் இறுதிச் சுற்று வைத்து, டிக்கெட் போட்டுப் பார்க்கிறார்கள். தோற்ற பசு திரும்பி நடந்துவிடும், அவ்வளவுதான், ரத்தம் சிந்துவது அபூர்வம். பாலுக்கென்று பார்த்தால் இந்த இனம் கட்டுப்படியாகாது. இருந்தும் வளர்க்கிறார்கள், ராணி வீட்டுக்காரன் என்ற பேருக்காக.

இவ்வளவு பாடுபட்டும் ஊரில் எல்லாருக்கும் சோறு இருந்ததா என்றால் இல்லை. புல் கணக்குக்கு மேல் பிறந்த பிள்ளைகள் வெளியே போனார்கள், கூலிப்படையில் சேர்ந்தார்கள். 1857-இல் ஒரு கூட்டம் அர்ஜென்டினாவுக்கே கப்பலேறி சான் ஹோசே என்ற குடியேற்றத்தில் நிலம் வாங்கி உட்கார்ந்தது. பிறகு ரயில் வந்தது, ரயிலோடு ஆலை வந்தது. லோட்சென்டால் பள்ளத்தாக்கிலிருந்து விழுந்து வருகிற லோன்ஸா ஆற்றில் மின்சாரம் எடுத்து 1897-இல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள், ஆற்றின் பெயரையே வைத்தார்கள். அப்புறம் விஸ்ப் ஊருக்கு வந்து ரசாயன ஆலையாக வளர்ந்தது. 2021-இல் மாடர்னா தடுப்பூசிக்கான மூலப்பொருள் தயாரானது இதே லோன்ஸா ஆலையில்தான்.

ஆலை வந்ததும் ஊர் காலியாகவில்லை என்பதுதான் வேடிக்கை. ஆண்கள் ஷிப்ட் வேலைக்குக் கீழே போனார்கள், முடிந்ததும் மேலே வந்து புல் வெட்டினார்கள். தொழிலாளி விவசாயி என்றே அங்கே ஒரு சொல் உண்டு. தினமும் நடந்த மாடு, தொழுவம், பால், வாய்க்கால் முறை எல்லாம் பெண்கள் தலையில். இதற்கும் அடுத்ததற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் சுவிஸ் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1971-இல்தான் வந்தது, அதற்குப் பதினான்கு வருஷம் முன்னால், 1957 மார்ச் 3-இல், சட்டம் இடம் கொடுக்காமலேயே பெண்கள் முதன்முதலாக வாக்குப் போட்டது ஜூரிக்கிலோ ஜெனீவாவிலோ இல்லை, உண்டர்பேக் என்கிற வாலிஸ் மலைக் கிராமத்தில். 33 பெண்கள். அவர்கள் வாக்குகளைத் தனிப் பெட்டியில் போட்டு வைத்து, செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

அணைகளும் வந்தன. 285 மீட்டர் உயரமுள்ள கிராண்ட் டிக்ஸான்ஸ் 1961-இல் முடிந்தது, தன் எடையாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்கிற கான்கிரீட் அணைகளில் உலகிலேயே உயரமானது, 35 பனியாறுகளின் உருகுநீரைச் சுரங்கம் வழியாக இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் தங்கள் ஓடைத் தண்ணீர் என்பதால் ஊராட்சிகளுக்கு மின் கம்பெனிகள் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். அதற்கு அங்கே 'நீர் வட்டி' என்றே பெயர், எனக்கு மிகவும் பிடித்த சொல். அதே அணைக் காலத்தில்தான் மாட்மார்க் அணை கட்டுமிடத்து விபத்தும் நடந்தது: 1965 ஆகஸ்ட் 30, அல்லாலின் பனியாற்றின் நாக்கு உடைந்து அணைத் தொழிலாளர் கொட்டகைகள் மேல் விழுந்தது, 88 பேர் இறந்தார்கள், பாதிக்கு மேல் இத்தாலிக்காரர்கள்.

இன்றைக்குப் புல்லுக்குக் காசு கொடுப்பது அரசாங்கம். 1996-இல் சுவிஸ் மக்கள் வாக்களித்து அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். விவசாயத்தின் வேலை உணவு விளைவிப்பது மட்டுமில்லை, நிலக்காட்சியைப் பராமரிப்பதும், நாடு முழுக்க ஜனங்கள் பரவி வாழ்வதற்கு உதவுவதும்தான் என்று. சரிவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு கூடுதல் மானியம், ஆல்புக்கு மாடு ஓட்டினால் தனி மானியம். இதை வீண்செலவு என்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். சவரம் செய்கிறவருக்குக் கூலி கொடுப்பது எப்படி வீண்செலவாகும் என்று எனக்குப் புரியவில்லை. சுற்றுலாவின் கணக்கு வேறு: பனிச்சறுக்கு ஊர்களில் ஆண்டில் நாலு வாரம் மட்டும் ஜன்னல் திறக்கிற விடுமுறை வீடுகள் பெருகி, 2012-இல் எந்த ஊரிலும் அவை 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று நாடு நூலிழையில் வாக்களித்தபோது, வாலிஸ் பெரும்பான்மையாக எதிர்த்தது. கட்டட வேலை போய்விடுமே. ஓநாய்ச் சண்டையிலும் இதே மாதிரிதான், நகரத்துக்காரருக்கு ஓநாய் திரும்பி வந்தது சந்தோஷம், 1995-இல் அது முதலில் தலைகாட்டிய வாலிஸில் கறுப்பு மூக்குச் செம்மறி வளர்க்கிறவருக்கு வேறு மாதிரி.

ஐஸ் விஷயம் இன்னும் மோசம். 2022, 2023 இரண்டே வருஷத்தில் சுவிஸ் பனியாறுகள் தங்கள் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ஷ் பனியாற்றுக்குப் பக்கத்தில் ஃபீஷ் என்று ஒரு ஊர். 1678-இல் அந்த ஊர்க்காரர்கள், பனியாறு வளர்ந்து எங்கள் நிலத்தை விழுங்காமல் பார்த்துக்கொள் என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டார்கள், தலைமுறை தலைமுறையாக ஊர்வலம் போய் வேண்டினார்கள். இந்த நூற்றாண்டில், வேண்டுதல் அளவுக்கு மேல் பலித்துவிட்டது என்று தெரிந்ததும், போப்பிடம் முறையாக அனுமதி வாங்கி, பனியாறு திரும்பி வளர வேண்டும் என்று வேண்டுதலை மாற்றிக்கொண்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டுமே.

2025 மே மாதம் லோட்சென்டாலில், அதே லோன்ஸா ஆறு புறப்படுகிற பக்கம், பிளாட்டன் கிராமத்துக்கு மேலே மலை உதிர ஆரம்பித்து, பாறையெல்லாம் பிர்ச் பனியாற்றின் மேல் குவிந்தது. மே 19-இல் சுமார் 300 பேரையும் வெளியேற்றினார்கள். மாடுகளையும் இறக்கினார்கள், காயம்பட்டு நடக்க முடியாத ஒரு பசுவை ஹெலிகாப்டரில் வலை கட்டித் தூக்கிப் போனார்கள், அந்தப் படம் உலகம் முழுக்க வந்தது. மே 28 பிற்பகல் பனியாறு பாறையோடு சேர்ந்து மொத்தமாக இறங்கியது. ஊரின் பத்தில் ஒன்பது பங்கு மண்ணுக்கடியில், மிச்சம் அணைபோட்டுக்கொண்ட லோன்ஸாவின் தண்ணீருக்கடியில். ஒருவர் இறந்தார். முன்பே வெளியேற்றியிருக்காவிட்டால் எண்ணிக்கை என்னவாகியிருக்கும் என்று நினைத்தும் பார்க்க முடியாது.

உடனே ஒரு விவாதம் கிளம்பியது. இவ்வளவு செலவு செய்து இந்தப் பள்ளத்தாக்குகளில் ஜனங்களை வைத்திருக்கத்தான் வேண்டுமா, கீழே நகரத்தில் வீடு கட்டிக் கொடுத்துவிடலாமே என்று சமவெளிப் பத்திரிகைகளில் சிலர் எழுதினார்கள். பிளாட்டன்காரர்கள் திரும்பிப் போய்க் கட்டுவோம் என்றார்கள், திட்டமும் போட்டார்கள். இதில் யார் பக்கம் என்று என்னைக் கேட்டால், பிளாட்டன்காரர் பக்கம்தான், ஆனால் காரணம் பாசம் இல்லை. மேலே புல் வெட்ட ஆள் இல்லாத பள்ளத்தாக்கில் கீழே இருக்கிற ரயில் பாதையும் ஆலையும் ரொம்ப நாள் நிம்மதியாக இருக்க முடியாது.

அல்பினென் அறிவிப்பை மறுபடி ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்த்தேன். வயது, வீட்டின் மதிப்பு, பத்து வருஷக் கெடு எல்லாம் இருக்கிறது. மாடு பற்றி, புல் பற்றி, வாய்க்கால் தூர்வார வீட்டுக்கொரு ஆள் வருவது பற்றி ஒரு வரி இல்லை. பள்ளிக்கூடம் திறக்க நாலு பிள்ளைகள் வந்தால் போதும் என்று இருக்கிறார்கள்.